காவிரிக் கரையில் ஒரு கல்லூரி

ஆறு பாயும் நாடு வளம் பெறும். கல்வி பரவும் ஊர் நலம் பெறும். இவ்விரு பேறுகளையும் ஒருங்கே பெற்ற ஊர்களுள் சோழ வளநாட்டுக் கும்பகோணமும் ஒன்று. குடமூக்கு என்றும் குடந்தை என்றும் முன்னோர் வழங்கிய அவ்வூருக்கு வடக்கே காவிரியும் தெற்கே அரிசிலாறும் வேலியென அமைந்துள்ளன. கோவில்கள் பல அங்கே வானளாவி நிற்கின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகப் பெருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். வெற்றிலைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் அவ்வூர் பெயர் பெற்றது. சுற்றிலும் எங்கு நோக்கினும் நெல் வயல்களே காணப்படும்.

கோவில் கோபுரங்களை விட்டு வடக்கு நோக்கி நடந்தால் காவிரி வரும். அதனைக் கடந்தால் மரங்கள் சூழ்ந்த கரையில் ஒரு கல்லூரி தோன்றும். பாலம் அமையாத பழங்காலத்தில், கோடையில் மாணவர்கள் ஆற்று மணலில் நடந்தே அக்கரை சேர்ந்தனர். ஆடிப் பெருக்கில் நீர் கரை புரண்டு ஓடும்போது ஓடமேறிச் சென்றனர். இவ்வாறு ஆற்றைக் கடந்து கற்றவர்கள் பின்னர்ப் பல துறைகளிலும் புகழ் பெற்றமையால், தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று அறிஞர்கள் அக்கல்லூரியைப் பாராட்டினர். கேம்பிரிட்ஜ் என்பது இங்கிலாந்தில் காம் என்னும் ஆற்றின் கரையில் உள்ள பழம்பெரும் பல்கலைக்கழக நகரம். ஆற்றங்கரைக் கல்லூரிக்கு ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தின் பெயரை இட்டு வழங்கியது பொருத்தமே.

ஒரு வட்டாரக் கல்லூரி எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு வளர்கிறது, தன்னைச் சூழ்ந்த நாட்டுக்கு என்ன நன்மை செய்கிறது, எங்கே தவறுகிறது என்பவற்றை அறிய விரும்புவோர்க்குக் கும்பகோணம் அரசு கல்லூரியின் வரலாறு ஒரு நல்ல பாடமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

அக்கல்லூரி முதலில் கல்லூரியாகத் தோன்றவில்லை. 1854ஆம் ஆண்டில் அது மாகாணப் பள்ளி என்னும் பெயரால் தொடங்கப்பெற்றது. அந்நாளில் தென்னாட்டில் இருப்புப்பாதையே இல்லை. சென்னையிலிருந்து வாலாசா வரை முதற் புகைவண்டி ஓடியது 1856ஆம் ஆண்டில்தான். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞன் உயர்கல்வி பெறச் சென்னைக்குப் போக வேண்டுமாயின், பல நாள் மாட்டு வண்டியில் செல்ல வேண்டும். அங்கே தங்குவதற்கும் உண்பதற்கும் பொருள் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது அரிய செயல். ஏழைப் பிள்ளைகளுக்கோ அது கனவிலும் கைகூடாதது. ஆகவே, மாணவன் கல்வியைத் தேடி நெடுந்தொலைவு செல்வதைவிடக் கல்வி மாணவனைத் தேடி அவன் ஊரின் அருகே வருவதே தக்கது என்னும் எண்ணம் தோன்றியது. வட்டாரக் கல்லூரி என்பதன் அடிப்படைக் கருத்து இதுவே.

1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும்; ஆங்காங்குள்ள கல்லூரிகள் அதனோடு இணைந்து பாடம் கற்பிக்கும். இம்முறை வேரூன்றியபின், கும்பகோணத்துப் பள்ளி 1867ஆம் ஆண்டில் கல்லூரியாக உயர்ந்தது. அக்காலத்தில் மாணவர்கள் பள்ளிப் படிப்பை முடித்தபின் எப்.ஏ. என்னும் முதற்கலைத் தேர்வுக்கு ஈராண்டு படிப்பர். அதில் வென்றவர்கள் மேலும் பயின்று பி.ஏ. பட்டம் பெறுவர். 1881ஆம் ஆண்டில் அது முழுமையான பட்டக் கல்லூரியாயிற்று. அதனோடு இருந்த உயர்நிலைப் பள்ளி வகுப்புகள் நீக்கப்பெற்றன.

கட்டடத்தால் மட்டும் கல்லூரி சிறப்பதில்லை, கற்பிப்பவரால் சிறக்கும். கும்பகோணம் கல்லூரிக்கு உருவம் கொடுத்தவர்களுள் இருவர் தலைசிறந்தவர். ஒருவர் வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் என்னும் ஆங்கிலேய முதல்வர். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று ராங்ளர் என்னும் உயர்ந்த தகுதியைப் பெற்றவர். மற்றவர் தி. கோபாலராவ். அவர் இந்நாட்டவர், போர்ட்டருடன் சேர்ந்து பாடத்திட்டத்தை வகுத்து, பின்னர்த் தாமே கல்லூரியின் முதல்வராக விளங்கினார். கும்பகோணத்தில் போர்ட்டர் பெயரால் ஒரு நகர மண்டபமும் கோபாலராவ் பெயரால் ஒரு நூல் நிலையமும் அமைந்தன. ஊர் மக்கள் தங்கள் ஆசிரியர்க்குச் செய்த நன்றிக்கடனுக்கு அவை சான்றாகும்.

தமிழாசிரியரின் நாற்காலி

அக்காலக் கல்லூரிகளில் ஆங்கிலமே கோலோச்சியது. கணிதமும் வரலாறும் தத்துவமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. தமிழும் வடமொழியும் இரண்டாம் மொழி என்னும் அளவிலேயே நின்றன. எனினும், கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் அந்நாற்காலிக்குப் பெருமை தேடித் தந்தனர்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான தியாகராச செட்டியார் பல்லாண்டு அங்கே தமிழ் கற்பித்தார். அவர் உடல் நலிவால் ஓய்வு பெற விரும்பியபோது, தமக்குப்பின் அவ்விடத்திற்குத் தக்கவர் யார் என்று எண்ணினார். அவர் நினைவுக்கு வந்தவர் தம் ஆசிரியரிடமே பயின்ற இளைஞர் ஒருவர். உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855ஆம் ஆண்டில் பிறந்தவருமான அவ்விளைஞர் அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் சொல்லி வந்தார். அவரே பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய உ. வே. சாமிநாதையர்.

ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர் அவரைப் பிரிய முதலில் மனம் இசையவில்லை. எனினும் அவருடைய எதிர்கால நலத்தை எண்ணி இறுதியில் விடை கொடுத்தார். செட்டியார் அவரைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று முதல்வர் கோபாலராவிடம் காட்டினார். சாமிநாதையர் எந்தத் தேர்விலும் பட்டம் பெற்றவர் அல்லர். ஆங்கிலக் கல்வி பெற்றவரும் அல்லர். ஆகவே கல்லூரியாசிரியர் முன்னிலையில் அவருடைய புலமை ஆராயப்பட்டது. அவர்கள் கேட்டவற்றுக்கெல்லாம் தக்க விடையிறுத்து 1880ஆம் ஆண்டில் அவர் கல்லூரித் தமிழாசிரியரானார். சான்றிதழைக் கேளாமல் புலமையை நேரே சோதித்து ஏற்ற கோபாலராவின் நடுவுநிலைமையும், தம் இடத்தைத் தக்கவரிடம் ஒப்படைத்த செட்டியாரின் பெருந்தன்மையும் நினைந்து போற்றத்தக்கவை. இந்நன்றியைச் சாமிநாதையர் தம் வாழ்நாள் முழுவதும் மறந்தாரல்லர். பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்றே பெயரிட்டார். அவ்வில்லம் 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. கட்டடம் மறைந்தாலும் நன்றியறிவின் கதை மறையவில்லை.

கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தார். சாமிநாதையர் அவரைக் காணச் சென்றபோது, என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று அவர் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், தலபுராணங்கள் என்று தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியப்புறவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று அமைதியாகக் கேட்டார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்னும் பெயர்களைச் சொன்னார். தாம் பெரும்புலவரிடம் கற்றவர் என்று எண்ணியிருந்த ஆசிரியருக்குத் தமிழின் பெரும்பரப்பு ஒன்று தம் கண்ணுக்கே படாமல் இருப்பது அன்று புலனாயிற்று. அவர் நாணித் தலை கவிழ்ந்து ஒதுங்கிவிடவில்லை, கற்கத் தொடங்கினார்.

முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணிப் பிரதியை அவர் வாங்கி வந்து படித்தார். நச்சினார்க்கினியர் உரை எளிதில் விளங்கவில்லை. சிந்தாமணி சமண காப்பியம். சமண சமயக் கொள்கைகளை அறியாமல் அதன் பொருள் தெளிவாகாது. நற்பேறாகக் கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. சைவ மடத்தில் கற்ற ஆசிரியர் அவர்கள் இல்லங்களுக்குச் சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பகலில் கல்லூரியில் ஆசிரியர். மாலையில் ஊரில் மாணாக்கர்! கற்பிப்பவன் கற்பதை நிறுத்தலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

விடுமுறை நாட்களில் அவர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். செல்லரித்த ஏடுகள், வரிசை மாறிய ஏடுகள், எழுத்து மறைந்த ஏடுகள் எனப் பலவற்றை ஒப்பிட்டுத் திருத்தமான பாடம் கண்டார். சீவக சிந்தாமணி 1887ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் வெளியாயின. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து, தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றி வந்தார். ஆகவே, பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த பெரும்பயணத்தில் கும்பகோணம் ஒரு முக்கியமான துறைமுகமாயிற்று எனலாம்.

23 ஆண்டுகள் அக்கல்லூரியில் பணியாற்றிய சாமிநாதையர் 1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். இன்று பள்ளி மாணவர்கள் புறநானூற்றுப் பாடல் ஒன்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது, காவிரிக்கரைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் விளக்கொளியில் ஏடு புரட்டிய இரவுகளும் அதற்குள் அடங்கியிருக்கின்றன என்பதை நினைத்தல் வேண்டும்.

எளிய இல்லத்திலிருந்து உலக அவைக்கு

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் 1869ஆம் ஆண்டில் ஓர் எளிய புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவர் பட்டம் பெற்றதும் இக்கல்லூரியிலேயே. பின்னர்ப் பள்ளியாசிரியராகத் தொண்டாற்றிய அவர், 1907ஆம் ஆண்டில் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்; 1915ஆம் ஆண்டில் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1927ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று, அங்கு வாழ்ந்த இந்தியர்களின் உரிமைக்காக வாதாடினார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். ஆங்கிலேயரும் வியக்கும் ஆங்கில நாவன்மை அவருக்கு வாய்த்திருந்தது.

அருகில் ஒரு கல்லூரி இல்லாதிருந்தால் அவரைப் போன்ற ஏழை இளைஞர்கள் பலரின் அறிவு ஊர் எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கும். வட்டாரக் கல்லூரியின் முதற் பயன் இதுவே. அறிவு எல்லா ஊரிலும் பிறக்கிறது. அது வளர்வதற்கான வாய்ப்பே எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

வென்ற மேதையும் தோற்ற தேர்வும்

இக்கல்லூரியின் வரலாற்றில் பெருமையோடு வருத்தத்தையும் தருகின்ற ஏடு ஒன்று உண்டு. அதுவே கணித மேதை சீனிவாச இராமானுசனின் வரலாறு.

இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார்; வளர்ந்தது கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில். நகர உயர்நிலைப் பள்ளியில் படித்தபோதே கணிதத்தில் ஒப்பாரின்றித் திகழ்ந்தார். ஏறத்தாழ 1903ஆம் ஆண்டில், அரசு கல்லூரி நூல் நிலையத்திலிருந்து நண்பர் வாயிலாக அவர் கைக்கு ஒரு நூல் கிட்டியது. கார் என்பவர் தொகுத்த அந்நூலில் சில ஆயிரம் கணித முடிவுகள் பெரும்பாலும் விளக்கமின்றி அடுக்கப்பட்டிருந்தன. பிறருக்குச் சலிப்பூட்டும் அந்நூல் இராமானுசனுக்கு அமுதமாயிற்று. ஒவ்வொரு முடிவுக்கும் தாமே வழி கண்டார். பின்னர்ப் புதிய முடிவுகளையும் காணத் தொடங்கினார். அவர் கல்லூரியில் காலடி வைக்குமுன்பே, கல்லூரி நூல் நிலையம் அவருக்கு ஆசிரியராகிவிட்டது.

1904ஆம் ஆண்டில் அவர் உதவித்தொகை பெற்று எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க உரோம வரலாறு, வடமொழி ஆகியவை பாடங்கள். அவர் மனமோ கணிதத்தை விட்டு அகலவில்லை. கணித ஆசிரியர்களுள் ஒருவரான சேஷு ஐயர் அவருடைய ஆற்றலை உணர்ந்திருந்தார். ஆயினும், அக்காலத் தேர்வுமுறையில் ஒரு பாடத்தில் தவறினாலும் தேர்வு முழுவதும் தவறியதாகவே கொள்ளப்படும். இராமானுசன் ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை நின்றது. கட்டணம் செலுத்தும் வசதி குடும்பத்துக்கு இல்லை. 1905ஆம் ஆண்டில், மனம் கலங்கிய அவ்விளைஞர் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டுச் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறி, எப்.ஏ. தேர்வில் தேறாமலே கல்லூரிப் படிப்பை விட்டார்.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை, கையில் கணிதக் குறிப்பேடுகள் மட்டும் இருந்தன. பல இடங்களில் அலைந்தபின் 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அப்போது மாநிலக் கல்லூரியில் இருந்த சேஷு ஐயர் முதலிய அன்பர்கள் அவரை மறக்கவில்லை. அவர்கள் கொடுத்த ஊக்கத்தால் 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் மடல் வரைந்தார். அதில் கண்ட கணித முடிவுகள் அப்பேராசிரியரை வியப்பில் ஆழ்த்தின. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914ஆம் ஆண்டில் அவர் கப்பலேறினார். தென்னாட்டின் கேம்பிரிட்ஜில் தோற்றவர், 1916ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியால் பட்டம் பெற்றார். 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920ஆம் ஆண்டில், 32 வயதிலேயே, மறைந்தார்.

இதனைக் கொண்டு கல்லூரியைப் பழிப்பார் உளர். கல்லூரியின் மீது முழுப்பழியும் சுமத்துதல் முறையன்று. தேர்வு விதி பல்கலைக்கழகத்தினுடையது. எல்லா மாணவர்க்கும் அது ஒன்றுபோலவே இருந்தது. ஒருவருக்காக விதியை வளைத்தால் நாளை வேண்டியவர்க்கெல்லாம் அது வளைக்கப்படும். ஆயினும், விதி மட்டும் போதுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. நெல்லை அளக்கும் மரக்காலால் முத்தை அளக்க முடியாது. மரக்கால் பொய்யானது என்பது அதன் பொருளன்று. வேறோர் அளவையும் வேண்டும் என்பதே பொருள். 1913ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் செய்தது அதுவே. விதியை அது ஒழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சாளரம் திறந்தது. அச்சாளரம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருப்பின், அம்மேதையின் இளமை வறுமையிலும் அலைச்சலிலும் கழிந்திராது.

பாடமுறையின் மாற்றங்கள்

காலம் மாறியது, கல்லூரிப் படிப்பின் அமைப்பும் மாறியது. எப்.ஏ. வகுப்பு மறைந்து இன்டர்மீடியட் என்னும் ஈராண்டு வகுப்பு வந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1950களில் அதுவும் நீங்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூவாண்டுப் பட்ட வகுப்பும் அமைந்தன. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பெற்றபோது, புகுமுக வகுப்பு கல்லூரிகளை விட்டு நீங்கியது. 1960களில் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் பயிற்று மொழியாகவும் இடம் பெறலாயிற்று. இரண்டாம் மொழி என்று ஒதுங்கியிருந்த தமிழ், வரலாறும் பொருளியலும் கற்பிக்கும் மொழியாக உயர்ந்தது.

நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த கல்லூரி, 1982ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனோடு இணைந்தது. பின்னர்த் தன்னாட்சித் தகுதியும் பெற்றது. தன்னாட்சிக் கல்லூரி என்பது, பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தேர்வையும் தானே நடத்தும் உரிமையுடைய கல்லூரியாகும். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழங்கும். வட்டாரத்தின் தேவையறிந்து பாடம் அமைக்க இவ்வுரிமை துணை செய்கிறது. உரிமையோடு பொறுப்பும் மிகுகிறது.

இன்று தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், வணிகவியல், கணிதம், இயற்பியல், வேதியியல் முதலிய பல துறைகள் அங்குள்ளன. இளநிலைப் பட்டப் படிப்பு மூன்று ஆண்டு. ஓர் ஆண்டுக்கு இரண்டு பருவமாக ஆறு பருவம். அதன் பகுதிகள் ஐந்து. முதற் பகுதி தமிழ் முதலிய மொழிப்பாடம். இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி மாணவன் விரும்பி எடுத்த முதன்மைப் பாடமும் அதன் சார்புப் பாடமும். நான்காம் பகுதி சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பயிற்சி போன்றவை. ஐந்தாம் பகுதி சமுதாயப் பணி. 1948ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மாணவர் படையும், காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969ஆம் ஆண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்கின்றன. சிற்றூர்களில் தங்கிக் குளம் தூர்வாரியும் மரம் நட்டும் அவர்கள் உழைக்கின்றனர். ஏட்டுக் கல்வியோடு நாட்டுக் கல்வியும் சேர்வதற்கு இவை வழியாகும்.

தேர்வு முறையிலும் ஒரு நல்ல மாற்றம் நேர்ந்தது. ஒரு பாடத்தில் தவறிய மாணவன் இன்று அனைத்தையும் இழப்பதில்லை. தேறிய பாடங்கள் தேறியவையே. தவறிய பாடத்தை மட்டும் பின்னர் எழுதலாம். அதற்கிடையே மேல்வகுப்பில் தொடர்ந்து படிக்கலாம். இராமானுசனுக்குக் கிட்டாத வாய்ப்பு இது. அவருடைய துன்பத்தை அறிந்தவர்களே இதன் அருமையை உணர்வர்.

இன்னொரு மாற்றமும் குறிக்கத்தக்கது. பழங்காலத்தில் ஓடமேறி ஆற்றைக் கடந்தவர்கள் ஆண்மக்களே. 1963ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் மகளிர்க்கென அரசு கல்லூரி ஒன்று தோன்றியது. வயல் வேலை செய்யும் பெற்றோரின் பெண்மக்களும் பட்டம் பெறும் காலம் வந்தது. 2022ஆம் ஆண்டில், அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. 2024ஆம் ஆண்டில் மாணவர்க்கும் அத்தகைய திட்டம் வந்தது. உதவித்தொகை நின்றதால் ஒரு மேதையின் படிப்பு நின்ற ஊரில், இத்தகைய உதவியின் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரு பெயர்கள் உணர்த்தும் பாடம்

கும்பகோணம் கல்லூரியின் வரலாற்றில் இரு பெயர்கள் ஏனையவற்றினும் மேலாக ஒளிர்கின்றன. ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். அவ்வாசிரியர் பட்டத் தேர்வு எதனையும் எழுதியவர் அல்லர். அம்மாணவர் எழுதிய தேர்வில் தவறியவர். ஆசிரியர் 1903ஆம் ஆண்டில் கல்லூரியை விட்டுச் சென்றார். மாணவர் 1904ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். ஒருவரை ஒருவர் அங்கே சந்திக்கவில்லை. ஆயினும் இருவர் வாழ்க்கையும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன.

தேர்வு வேண்டாதது என்பது அவ்வுண்மையன்று. கல்லூரியில் பயின்ற ஆயிரக்கணக்கானோர் தேர்வில் வென்றே ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் அலுவலர்களாகவும் நாட்டுக்குப் பயன்பட்டனர். எல்லாரும் இராமானுசன் ஆவதில்லை. எல்லாரும் சாமிநாதையர் ஆவதுமில்லை. தேர்வில் தவறியவன் அறிவில் தவறியவன் ஆகான் என்பதும், பட்டம் பெற்றவன் கற்று முடித்தவன் ஆகான் என்பதுமே அவ்வுண்மை. அவ்விருவரிடமும் ஓய்வின்றிக் கற்கும் வேட்கை இருந்தது. ஒருவருக்கு ஏட்டுச் சுவடியும் மற்றொருவருக்குக் கணித நூலும் அவ்வேட்கைக்கு உணவாயின. அவர்களுடைய தகுதியைக் கண்டுணர்ந்து கைகொடுக்கச் செட்டியாரும் கோபாலராவும் சேஷு ஐயரும் போன்றவர்கள் இருந்தனர். கற்பவனின் வேட்கையும் கண்டறிவாரின் கண்ணும் ஒன்றுசேரும் இடமே உண்மையான கல்லூரியாகும்.

காவிரியில் இன்றும் நீர் வருகிறது. சில ஆண்டுகளில் வறண்டும் கிடக்கிறது. ஆற்றில் நீர் குறைந்த ஆண்டிலும் அக்கரைக் கல்லூரியின் வகுப்பறைகள் நிறைந்தே இருக்கின்றன. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வரும் மாணவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். அவர்களுள் யார் நாளைய சாமிநாதையர், யார் நாளைய இராமானுசன் என்பதை இன்று எவரும் அறியார். அறிய முடியாதாகலின், ஒவ்வொருவரையும் அவ்வாறே கருதிப் போற்றுதல் கல்லூரியின் கடமை. அப்போற்றுதலுக்குத் தகுதியாகக் கற்பது மாணவர்களின் கடமை.